சுவருக்குள் சிறிய லாக்கர் வைப்பது: எந்தச் சுவர், என்ன ஆழம், யாருக்குத் தெரியலாம்?

வேப்பமரநிழல்

திருச்சிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தூண், பீம் வைத்த கட்டுமானம். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர்களில் பெரும்பாலானவை நாலரை அங்குலம், சேம்பர் செங்கல். சுவர்கள் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்) மட்டத்தைத் தாண்டிவிட்டன, பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை.

பெரிய நகைகள் வங்கி லாக்கரில் இருக்கின்றன. அன்றாடம் போட்டுக் கழற்றும் சங்கிலி, வளையல், இரண்டு வெள்ளிக் குங்குமச்சிமிழ், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை வைக்கச் சுவருக்குள் வெளியே தெரியாதபடி ஒரு சிறிய லாக்கர் பதிக்க நினைக்கிறேன். மேஸ்திரியைக் கேட்டால், "பீரோ வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, ஊரே அதைத்தான் செய்கிறது" என்று முடித்துவிட்டார். இப்போது விட்டுவிட்டால் பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

குறும்புக்காரன்

அரிசி டிரம் இருக்கும்போது லாக்கர் எதற்கு?

ரசமட்டம்

அரிசி டிரம்மைத்தான் திருடர்கள் முதலில் கவிழ்க்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் கேள்வி ஆழம். கடையில் கிடைக்கும் சிறிய மின்னணுப் பெட்டி ஏறக்குறைய 310 மி.மீ. அகலம், 200 உயரம், 200 ஆழம் இருக்கும். ஒன்பது அங்குலச் சுவர் என்பது 230 மி.மீ. இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்தால் 255 அல்லது 260 வரும். பெட்டியைப் பதித்தபின் முதுகுப் பக்கம் எஞ்சுவது ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத செங்கல் துண்டும் பூச்சும்தான். அதனால் அந்த முதுகு வெளிப்பக்கம் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில் பதித்தால், காம்பவுண்டுக்குள் நுழைந்த ஒருவன் கடப்பாரையால் பின்பக்கமாகவே வேலையை முடித்துவிடுவான். முன்கதவில் எத்தனை பூட்டு போட்டும் பயனில்லை. நாலரை அங்குலச் சுவரில் இந்தப் பெட்டிக்கு இடமே இல்லை. வீட்டின் நடுவில், இரு பக்கமும் அறைகள் உள்ள ஓர் ஒன்பது அங்குலச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்சுவர் ஒன்றில் இரண்டடி நீளத்தை மட்டும் பின்பக்கம் துருத்தவிட்டு, அந்தத் துருத்தலை மறுபக்க அறையின் துணி அலமாரிக்குள் ஒளித்துவிடலாம். நான் இதையே பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, பிடிமானம். பெட்டியின் முதுகில் இரண்டு துளை போட்டு ஆங்கர் போல்ட்டும் கொடுத்திருப்பார்கள். கெட்டியான கான்கிரீட் சுவரின் மேல் வெளியே பொருத்துவதற்கு அது சரி. சுவருக்குள் புதைக்கும்போது பின்னால் இருக்கும் மெல்லிய செங்கலில் அந்த போல்ட் எதைப் பிடிக்கும்? முடுக்கும்போதே செங்கல் பிளந்துவிடும். ஆகவே 6 மி.மீ. இரும்புத் தகட்டில் வாய் திறந்த ஒரு கூடு செய்யச் சொல்லுங்கள். ஜன்னல் சட்டத்துக்கு வைப்போமே ஹோல்டுபாஸ்ட், அதைப்போல நான்கு கால்களைக் கூட்டின் இரு பக்கங்களிலும் வெல்டிங் செய்து, அந்தக் கால்கள் சுவருக்குள் கான்கிரீட்டில் புதையும்படி வைக்க வேண்டும். கூடு இறுகியபின் லாக்கரை உள்ளே தள்ளி, லாக்கருக்குள்ளிருந்து கூட்டோடு போல்ட் போட்டு முடுக்கலாம். இந்த அளவுக் கூடு 15 கிலோ அளவில் வரும், வெல்டிங் பட்டறையில் செய்துவிடுவார்கள். வெல்டிங்கை லாக்கரின் மேலேயே செய்யச் சம்மதிக்காதீர்கள். உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது.

மூன்றாவது, திறப்பின் மேல்பகுதி. ஒன்றரை அடிக்கும் குறைவான அகலம்தான், ஆனாலும் மேலே மூன்று அங்குலக் கனத்தில், இரண்டு 10 மி.மீ. கம்பி போட்ட சிறிய கான்கிரீட் பலகையை இரு பக்கமும் ஆறு அங்குலம் உட்காரும்படி வைத்துவிடுங்கள். பிறகு பூச்சில் விரிசல் விழுந்து, அந்த விரிசலே சதுரமாக லாக்கர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கும்.

ஏற்கெனவே எழுப்பிய சுவரில் பொந்து வெட்ட வேண்டியிருந்தால் சுத்தியலால் அடிக்கவே கூடாது. நான்கு பக்கமும் கட்டரால் அறுத்துவிட்டு, உளியால் கல்கல்லாக எடுக்க வேண்டும். தூணிலும் பீமிலும் கைவைக்கவே வேண்டாம். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் ஒயர்க்குழாய் ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

வேப்பமரநிழல்

மிகவும் நன்றி ஐயா. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஓர் ஒன்பது அங்குலச் சுவர் இருக்கிறது. இரு பக்கமும் வீட்டுக்குள்தான். அது சரிவருமா?

ரசமட்டம்

வேண்டாம். குழாய் ஓடும் சுவர், டைல்ஸ் இணைப்பு வழியாக ஈரம் இறங்கும் சுவர். முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு பாஸ்போர்ட்டின் ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று: எந்தச் சுவர் என்று இங்கே விவரமாக எழுதாதீர்கள் அம்மா.

ஈரோட்டுத் தறி

எனக்கு இந்தச் சுவர் லாக்கரில் நம்பிக்கையே கிடையாது. ஒளித்துவைப்பது என்பது நம் ஊரில் வேடிக்கையான விஷயம். கன்னி மூலை அறையில் வடக்குப் பார்த்துப் பீரோ இருக்க வேண்டும் என்று வாஸ்து சொல்கிறது, எல்லாரும் அப்படியே வைக்கிறோம். திருடனுக்கு நாமே முகவரி எழுதிக் கொடுத்த மாதிரிதான். பீரோ சாவி பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால், அல்லது பீரோவின் மேலேயே, அல்லது அடுக்கிய சேலைகளுக்கு அடியில். இந்த மூன்றைத் தவிர நான்காவது இடத்தில் சாவி வைக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட நாம் சுவருக்குள் லாக்கர் கட்டினால் என்ன ஆகும்? கட்டும் கொத்தனார், சித்தாள், வெல்டிங் பட்டறைக்காரர், தச்சர், பெயிண்டர், எலக்ட்ரீசியன் ஆறு பேருக்கும் தெரியும். கிரகப்பிரவேசத்தன்று அத்தைக்குப் பெருமையாகத் திறந்து காட்டுவோம். அப்புறம் அது என்ன இரகசியம்?

கருங்காலி

ஈரோட்டு நண்பர் சொல்வதில் பாதி உண்மை. நான் மரவேலை செய்பவன். தச்சரைச் சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள், ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லதுதான். சுவரில் பொந்து விடும் கொத்தனாரிடம், "இங்கே இன்வெர்ட்டர் ஸ்விட்சுக்கு இடம்" என்று சொன்னால் போதும். கூடு செய்யும் பட்டறைக்காரருக்கு உங்கள் வீடு எங்கே என்றே தெரிய வேண்டியதில்லை. லாக்கரைக் கூட்டுக்குள் தள்ளி முடுக்குவதை வீட்டுக்காரர்களே செய்துகொள்ளலாம். ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மறைப்பு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சுவரில் படம் மாட்டி அதன் பின்னால் லாக்கர் வைப்பது சினிமாவில் மட்டுமே நன்றாக இருக்கும். துணி அலமாரியின் உட்புற முதுகுதான் சிறந்த இடம். அலமாரியின் முதுகுப் பலகையில், ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டு வரை முழு அகலத்துக்கும் ஒரே துண்டாக 12 மி.மீ. பிளைவுட் வையுங்கள். நடுவில் சின்னச் சதுரமாக வெட்டினால் நான்கு பக்கமும் கோடு தெரியும். முழு அகலத்துண்டுக்கு ஓரக்கோடுகள் எல்லாம் தட்டின் மூலையிலேயே விழுந்துவிடும். மற்ற தட்டுகளுக்குப் பின்னாலும் அதே மைக்கா, அதே இடைவெளி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் அதுவே அடையாளம்.

கீல் வேண்டாம். கீல் வைத்தால் பலகை திறந்து மூடும்போது கீழ்த்தட்டில் பிறை வடிவில் ஒரு கீறல் விழும். தேடத் தெரிந்தவன் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்தக் கீறலைத்தான். காந்தப் பிடிப்பு நான்கு மூலையிலும் வைத்து, பலகையை அப்படியே கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். அழுத்தினால் திறக்கும் பிடிப்பு வைத்தால் இன்னொரு தொல்லை இருக்கிறது. தினமும் ஒரே இடத்தில் விரல் படும், எண்ணெய்க் கையும் படும். ஓராண்டில் வெளிர்நிற மைக்காவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மங்கல் விழுந்துவிடும். ஆகவே கரும்பழுப்பு மைக்கா, அதுவும் சொரசொரப்பானதாகப் பாருங்கள்.

சுற்றிலும் இரண்டு முதல் மூன்று மி.மீ. இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை கொஞ்சம் உப்பும். இறுக்கமாகச் செய்துவிட்டால், கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் உளி தேட வேண்டிவரும்.

மின்சாரக்கனவு

சுவரை இவ்வளவு உடைக்க வேண்டுமா? போலி சுவிட்ச் பலகை வைத்தால் போதாதா? ஸ்விட்ச் பெட்டிக்குள் மோதிரம், கம்மல் எல்லாம் வைக்கலாமே. தயாராகவே விற்கிறார்கள்.

ரசமட்டம்

அந்தப் பெட்டியின் ஆழம் இரண்டு அங்குலம்தான். இரண்டு மோதிரம், ஒரு பென் டிரைவ் வைக்கலாம். ஒயர் எதுவும் அதற்குள் வரவே கூடாது, பக்கத்துப் பெட்டியிலிருந்து குழாய் இணைப்பும் இருக்கக் கூடாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். பிளக்குக்குள் விரல்விட்டு மோதிரம் எடுக்கலாம் என்று குழந்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்தமுறை உண்மையான பிளக்கில் விரலை விடும்.

கருங்காலி

வேலை செய்யாத ஸ்விட்சை எலக்ட்ரீசியன்தான் முதலில் கழற்றுவார். அவருக்கு அது கௌரவப் பிரச்சினை.

திண்டுக்கல்காரன்

பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு செய்தவர்கள் வீட்டிலிருந்து வருகிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டிப் பேச அனுமதியுங்கள்.

எண்பலகை உள்ள மின்னணுப் பெட்டிகளில் பெரும்பாலானவை நான்கு பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் திறக்க ஓர் அவசரச் சாவி தருவார்கள், முகப்பில் சின்ன மூடிக்கு அடியில் அதற்கான துவாரம் இருக்கும். அந்தச் சாவியை எங்கே வைப்பீர்கள்? பலர் பிரித்த கையோடு லாக்கருக்குள்ளேயே போட்டு மூடிவிடுகிறார்கள். பேட்டரி இறங்கிய அன்று பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். வேறு சிலர் பீரோவில் மாட்டிவைக்கிறார்கள், அப்படியானால் லாக்கர் இருந்தும் இல்லாததே. நம்பிக்கையான உறவினர் வீட்டில், எதற்கான சாவி என்று எழுதாமல் கொடுத்துவையுங்கள்.

பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஓர் எண் போட்டே வரும். பயனர் எண்ணை மாற்றுகிறவர்கள்கூட, பெட்டியை எப்போதும் திறக்கும் மூல எண்ணை மாற்ற மறந்துவிடுகிறார்கள். விளக்கத் தாளில் அச்சிட்டிருக்கும் எண் உலகத்துக்கே தெரிந்த எண். இரண்டையும் மாற்றுங்கள். பிறந்த ஆண்டு, வண்டி எண், திருமண நாள் எதுவும் வேண்டாம். அதேபோல நான்கு பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளத்தால் எண்களை ஊகிப்பது எளிது, அவ்வப்போது எண்ணை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மிக மலிவான பெட்டிகளில் தாழை நிறுத்தும் பாகம் ஒரு சிறிய மின்காந்தமும் சுருள்வில்லும்தான். கையில் தூக்கக்கூடியதாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு நிதானமாக எதையும் செய்யலாம். ரசமட்டம் ஐயா சொன்ன கூடும் கான்கிரீட்டும் அதனால்தான் முக்கியம். என் விருப்பத்தைக் கேட்டால், இரண்டு பக்கமும் பல் உள்ள நீண்ட சாவியோடு வரும் லீவர் பூட்டுப் பெட்டியையே வாங்குவேன். பேட்டரி கவலை இல்லை. ஆனால் சாவியை ஒளிக்கும் தொல்லை மறுபடி வரும், ஈரோட்டு அண்ணன் சிரிப்பார்.

ஈரோட்டுத் தறி

சிரித்துவிட்டேன்.

பாஸ்புக்

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "பெரிய நகை வங்கியில் பத்திரம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே பாருங்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. பணத்தாள்களை வைக்கவும் கூடாது. 2023-இல் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதில் ஒரு பெண்மணி லாக்கரில் வைத்த 18 லட்சம் ரூபாயைக் கறையான் அரித்த செய்தி நினைவிருக்கலாம்.

அந்தக் கறையான் உங்கள் சுவருக்கும் வரும். பத்திரத்தைச் சுவர் லாக்கரில் வைப்பதானால் காற்றுப் புகாத உறையில் போடுங்கள்.

வேப்பமரநிழல்

கறையான் நினைப்பே எனக்கு வரவில்லை. அடித்தளத்துக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் பத்திரம் என்ன ஆகும்?

ரசமட்டம்

சாதாரண இரும்புப் பெட்டி தீயில் அடுப்பாகிவிடும். காகிதத்துக்கான தீத்தாங்கும் பெட்டிகளுக்கு, குறிப்பிட்ட நேரம் வரை உள்வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அளவுகோல். அதற்குத் தடித்த காப்புச்சுவர் வேண்டும். அந்தக் கனம் உங்கள் ஒன்பது அங்குலத்துக்குள் அடங்காது. சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், ஆகவே நகைக்குப் பயம் குறைவு. பத்திரத்தின் அசலை வங்கியில் வைத்துவிட்டு வீட்டில் நகலை வையுங்கள். பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் எப்போதும் வாங்கலாம்.

உயரமும் முக்கியம். தரையோடு வைப்பவர்கள் உண்டு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தபின் நான் இடுப்பு உயரத்துக்குக் கீழே எதையும் பதிக்கச் சொல்வதில்லை.

மரிக்கொழுந்து

வெள்ளிச் சிமிழ் என்று எழுதியிருந்தீர்கள், அதற்காக இதைச் சொல்கிறேன். மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெள்ளி கறுத்துக்கொண்டேதான் இருக்கும். வெள்ளியைத் தனிப் பருத்தித் துணியில் சுற்றி, கூடவே ஒரு கற்பூரத் துண்டு போடுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்பு வளையமாகவே படிந்துவிடும். முத்துக்குக் கற்பூரம் ஆகாது, அதை வேறு டப்பாவில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களில் நிறம் மாறும் வகையை வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டும். புதுச்சுவரில் பூச்சு நன்றாகக் காய்ந்தபின் பொருளை வையுங்கள். ஈரச்சுவரில் உடனே வைத்தால் பெட்டிக்குள்ளேயே வியர்க்கும்.

கறுப்புக்கோட்டு

வழக்குரைஞர் பக்கமிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, காப்பீடு. வீட்டுக் காப்பீட்டில் நகைக்கான பிரிவு தனி. பல பாலிசிகளில் உடைத்துப் புகுந்த அடையாளம் இருந்தால்தான் தொகை கிடைக்கும், வீட்டோடு பழகிய ஒருவர் எண்ணைத் தெரிந்துகொண்டு திறந்து எடுத்தால் இழுபறிதான். பாலிசியில் கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். நகைகளின் படமும் ரசீதும் மதிப்பீடும் லாக்கருக்குள் இருக்கக் கூடாது.

இரண்டாவதுதான் நான் எழுதவந்தது. ஆறு பேருக்குத் தெரிந்துவிடும் என்று ஈரோட்டுக்காரர் பயப்படுகிறார். நீதிமன்றத்தில் நாங்கள் பார்ப்பது நேர்மாறானது. ஒருவருக்குமே தெரியாது. வீட்டுக்காரர் திடீரென்று இறந்துவிடுவார், "அப்பா எங்கேயோ வைத்திருக்கிறார்" என்பது மட்டும் தெரியும், பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே பேச்சை நிறுத்திவிடுவார்கள். வீடு கைமாறிப் பல ஆண்டு கழித்து இடிக்கும்போது சுவரிலிருந்து எடுத்தால் சட்டம் வேறு குறுக்கே வரும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் மண்ணில் புதைந்ததை மட்டும் சொல்லவில்லை, மண்ணோடு இணைந்த எதனுள்ளும் மறைந்திருப்பதைச் சேர்த்தே சொல்கிறது. சுவரும் அதில் அடங்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்குள் மறைத்துவைக்கப்பட்டது என்று தோன்றினால் உரிமையைச் சிவில் நீதிமன்றத்தில்தான் நிறுவ வேண்டும். தாத்தா வைத்தது என்று பேரன் நிரூபிக்க எதைக் காட்டுவான்?

ஈரோட்டுத் தறி

அதற்காகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட முடியுமா? என் நண்பர் ஒருவர் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தார். இப்போது யார் ஊருக்கு வந்தாலும் மற்ற இருவரும் போன் செய்து, "அவன் அலமாரிப் பக்கம் போனானா?" என்று கேட்கிறார்களாம்.

கறுப்புக்கோட்டு

இருக்கும் இடத்தையும் திறக்கும் எண்ணையும் ஒரே ஆளிடம் கொடுக்காமல் பிரித்துக் கொடுக்கலாம். மனைவிக்கு அல்லது கணவருக்கு இரண்டும் தெரிந்தே ஆக வேண்டும், அதில் விவாதமே கிடையாது. பிள்ளைகளிடம் இடத்தை மட்டும் சொல்லுங்கள். எண்ணை உயிலோடு முத்திரையிட்ட உறையில் வையுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி அந்த உறையை மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்துவைக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை.

திண்டுக்கல்காரன்

அப்படியானால் எண்ணை அடிக்கடி மாற்றும்போது? ஒவ்வொருமுறையும் பதிவாளரைத் தேடிப் போக முடியாதே. உறையில் எண்ணுக்குப் பதில், அவசரச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். சாவி மாறாது.

கறுப்புக்கோட்டு

நான் சொன்னதைவிட இது நல்ல யோசனை. ஏற்றுக்கொள்கிறேன்.

வேப்பமரநிழல்

எல்லாருக்கும் நன்றி. முடிவு இதுதான்: வீட்டின் நடுச்சுவர் ஒன்று, இரு பக்கமும் அறை, மறுபக்கம் அலமாரி வரும். எந்தச் சுவர் என்று எழுதவில்லை, ரசமட்டம் ஐயா. கூட்டை வேறு ஊர்ப் பட்டறையில் செய்யச் சொல்கிறோம். பெட்டியை நானும் கணவரும் பொருத்துவோம். அவசரச் சாவி சித்தி வீட்டுக்கு. வெள்ளியும் நகையும் உள்ளே, பத்திர அசல் வங்கிக்கு. அத்தைக்குத் திறந்து காட்ட மாட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம்: கூட்டைச் சுற்றி நிரப்ப எந்தக் கலவை?

ரசமட்டம்

ஹோல்டுபாஸ்ட் கால்கள் நுழையும் குழிகளுக்கு அரை அங்குல ஜல்லி போட்ட கான்கிரீட், கம்பியால் நன்றாகக் குத்தி இறக்கச் சொல்லுங்கள். மற்ற இடைவெளிக்கு ஒன்றுக்கு மூன்று சிமெண்டுக் கலவை. கூட்டின் வாயில் ரசமட்டம் வைத்துப் பார்த்தபின் நிரப்புங்கள், சாய்ந்து இறுகிவிட்டால் லாக்கர் கதவு தானாகத் திறந்து தொங்கும். உட்புறத்தில் அட்டையோ தெர்மாகோலோ அடைத்துவிடுங்கள், கலவை உள்ளே வழிந்தால் பெட்டி நுழையாது. ஒரு வாரம் தண்ணீர் தெளித்து நனைத்துவையுங்கள், அதுவரை யாரும் அதைத் தொட வேண்டாம். சுவரில் பதிக்கும் முன்பே தகட்டின் வெளிப்பக்கத்துக்குச் செம்மண் நிறத்தில் வருமே துருத்தடுப்புப் பெயிண்ட், அது இரண்டு பூச்சு.